தேடித்தர ஓர் ஆள் வேண்டும்: மட்டக்களப்பு, அம்பாறை உள்ளூராட்சி மன்றங்களுக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய மாநகர முதல்வர்களுக்கும், நகர சபை, பிரதேச சபைத் தவிசாளர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், பொது நூலகங்களின் நூலகர்களுக்கும்,

வணக்கம்.

உங்களில் பெரும்பாலானோர் 2025 மே 6ஆம் திகதித் தேர்தலில் தெரிவாகி வந்தவர்கள். அதற்கு முன்னர் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் பிரதிநிதிகள் இல்லாமலே சபைகள் நடந்தன. வீதி விளக்கு, வடிகான், குப்பை என்று மேசையில் கோப்புகள் குவிந்து கிடக்கும். அந்தக் குவியலில் நூலகம் என்றும் ஒரு கோப்பு இருக்கும். அநேகமாக அடியில் இருக்கும். அதை எடுத்து மேலே வையுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். புதிய கட்டடம் கேட்கவில்லை. கட்டடம் கட்டி நாடா வெட்டுவதில் நாம் ஒருபோதும் சோர்ந்ததில்லை. நான் கேட்பது ஓர் ஆளும் ஒரு மேசையும் இணைய வசதியுள்ள ஒரு கணினியும்தான். இந்த மண்ணின் தொல்லியலையோ மக்களின் வாழ்வியலையோ ஆராய வருபவருக்கு எது எங்கே கிடைக்கும் என்று தேடித்தரத் தெரிந்த ஆள்.

உயர்தர வகுப்புக்கு வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு ஆய்வேட்டுக்குத் தலைப்பு எடுத்த பிள்ளைகள் வீடு தேடி வருவார்கள். படுவான்கரையிலிருந்து வருபவர்களும் பொத்துவில் பக்கத்திலிருந்து வருபவர்களும் சொல்லிவைத்தாற்போல ஒன்றையே சொல்கிறார்கள்: "எங்கள் ஊரைப் பற்றி ஒன்றும் எழுதப்படவில்லை, சேர்."

எழுதப்பட்டிருக்கிறது, நிறையவே. வேடரைப் பற்றிச் செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட நூலில் நம் கரையோர வேடருக்குத் தனி அத்தியாயமே உண்டு. நூர் யால்மன் பாணமையையும் கிழக்குக் கரையின் திருமண, உறவு முறைகளையும் ஆராய்ந்து 1967இல் எழுதினார். டெனிஸ் மக்கில்வ்ரே 1969 முதல் அக்கரைப்பற்றில் தங்கி, தமிழரும் முஸ்லிம்களும் பகிர்ந்துகொண்டிருக்கும், தாய் வழியே குலம் தொடரும் குடிமுறையைப் பதிவு செய்தார். அவருடைய பெருநூல் 2008இல் வந்தது. மண்டூர்க் கோவிலை மையமாக வைத்து மார்க் விற்றேக்கர் எழுதிய நூல் 1999இல் வெளியானது. போர்க்கால மட்டக்களப்பின் வாழ்வை மார்கரெட் ட்ராவிக் 2007இல் நூலாக்கினார். இவையெல்லாம் ஆங்கிலத்தில். நம்மவர் எழுத்தில் எஸ். ஓ. கனகரத்தினம் 1921இல் ஆங்கிலத்தில் எழுதிய மட்டக்களப்பு மாவட்ட நூல், எப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த, இப்பகுதியின் பழைய வரலாற்றைச் சொல்லும் 'மட்டக்களப்பு மான்மியம்', வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்', சி. மௌனகுரு மரபுவழி நாடகங்களைப் பற்றிச் செய்த ஆய்வு என்று ஒரு வரிசையே இருக்கிறது. அந்த வெளிநாட்டு ஆய்வாளர்களைத் திண்ணையில் இருத்தி, தேநீர் கொடுத்து, குடி வழியும் கோவில் உரிமையும் விளக்கிச் சொன்ன குடும்பங்களின் பேரப்பிள்ளைகள்தாம் இன்று ஒன்றும் இல்லை என்று என்னிடம் வந்து நிற்கிறார்கள். உங்கள் சபையின் நூலகத்தில் மேலே சொன்னவற்றில் எத்தனை இருக்கின்றன என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

இருந்தாலும் கண்டுபிடிப்பது எளிதன்று. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்க நூலகங்கள் கைக்கொள்ளும் தூயி தசமப் பகுப்பில் தொல்லியலுக்கு 930.1. மானிடவியல் சமூகவியலோடு சேர்ந்து 301இல் இருக்கிறது. பண்பாட்டு வழக்கங்கள் 306. திருமணச் சடங்கு 392, மரணச் சடங்கு 393, நாட்டார் வழக்காறு 398, நாணயவியல் 737, இலங்கை வரலாறு 954.93. கண்ணகி அம்மன் சடங்கைப் பற்றிய ஒரு நூலை ஒரு நூலகர் இந்து சமயத்தில் வைப்பார், இன்னொருவர் நாட்டாரியலில் வைப்பார், கொம்புமுறி விளையாட்டைப் பற்றிய பகுதி பெரிதாக இருந்தால் மூன்றாமவர் விளையாட்டுப் பக்கம் கொண்டு போவார். மூவரும் பிழை செய்யவில்லை. ஆனால் '930க்குப் போய்ப் பார்' என்று அனுப்பப்பட்ட பிள்ளை, அங்கே எகிப்தையும் உரோமையும் பற்றிய இரண்டு பாடப் புத்தகங்களைக் கண்டுவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறது. அடுக்குகளின் ஊடே அழைத்துப் போக ஒருவர் இருந்தால் அதே நூலகத்தில் பத்துப் புத்தகமாவது எடுத்திருக்கும்.

இணையத்திலும் இதே கதைதான். கூகுளில் தமிழில் ஒரு சொல்லைப் போட்டு, முதல் பக்கத்தில் வரும் முகநூல் சண்டைகளைப் படித்துவிட்டு, 'இணையத்திலும் இல்லை' என்று முடிவுகட்டுகிறார்கள். தேடித்தருபவருக்குத் தெரிந்திருக்க வேண்டியவற்றைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். ஆளை எடுக்கும்போது உங்களுக்கு உதவும்.

முதலில் போக வேண்டிய இடம் 2005இல் தொடங்கிய, 'நூலகம்' என்றே பெயர் கொண்ட எண்ணிம நூலகம். ஈழத்து நூல்கள், இதழ்கள், கோவில் மலர்கள், பாடசாலை மலர்கள் எல்லாம் அங்கே காசின்றிப் படிக்கக் கிடைக்கின்றன. கந்தையாவின் நூலைத் தேடி ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை. ஆனால் எழுத்துக்கூட்டல் மாறினால் அகப்படாது. நடராசா, நடராஜா என்று இரண்டாகவும், முதலெழுத்தோடும் அது இல்லாமலும் தேட வேண்டும்.

பழைய ஆங்கில நூல்களுக்கு இன்டர்நெட் ஆர்கைவ் என்னும் இணையக் காப்பகம். செலிக்மன் தம்பதியரின் நூலும், நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை செய்தபடி தொல்லியல் எழுதிய எச். பார்க்கரின் 1909ஆம் ஆண்டு நூலும் முழுமையாக இருக்கின்றன. அங்கே தேடும்போது ஊர்ப் பெயர்களின் காலனித்துவ எழுத்துக்கூட்டலைப் பயன்படுத்த வேண்டும். வேடர் என்பதற்கே ஆங்கிலத்தில் மூன்று நான்கு வடிவங்கள் உண்டு. ஒன்றைப் போட்டால் மற்றவை ஒளிந்துகொள்ளும்.

ஆய்வுக் கட்டுரைகளுக்கு ஜேஸ்டோர் என்னும் இணையத்தளம். பணம் கட்டினால்தான் திறக்கும் என்று நினைத்துப் பலர் திரும்பிவிடுகிறார்கள். தனிப்பட்ட கணக்கு ஒன்றை இலவசமாகத் திறந்தால் மாதம் 100 கட்டுரை வரை திரையில் வாசிக்கலாம். 1845இல் தொடங்கிய அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளை வெளியிட்ட சஞ்சிகையும் அங்கே உண்டு. நம் நாட்டுச் சஞ்சிகைகளுக்கு 'ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன்' இருக்கிறது. ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் அங்கு வெளியான கட்டுரைகளைத் தரவிறக்கலாம்.

இவற்றை எல்லாம் விட எனக்குப் பிடித்த வழி அடிக்குறிப்பு வழிதான். ஒரு நல்ல நூல் கையில் கிடைத்தால் அதன் உசாத்துணைப் பட்டியலைப் பிடித்துப் பின்னோக்கிப் போகலாம். கூகுள் ஸ்கொலரில் அதே நூலை மேற்கோள் காட்டியவர்களைப் பார்த்து முன்னோக்கியும் வரலாம். விலைக்கு மட்டும் கிடைக்கும் கட்டுரை என்றால், எழுதியவருக்கே பணிவாக ஒரு மின்னஞ்சல் போடலாம். பெரும்பாலும் அனுப்பிவிடுவார்கள். தாங்கள் ஆராய்ந்த ஊரிலிருந்தே ஒரு பிள்ளை எழுதுகிறது என்றால் இன்னும் விரைவாக அனுப்புவார்கள். இதை எந்த வகுப்பிலும் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

இணையம் இருக்கிறதே, நூலகம் எதற்கு என்று உங்கள் சபையிலும் ஒருவர் எழுந்து கேட்கக்கூடும். 2023 ஒக்டோபரில் இணையத் தாக்குதலுக்கு உள்ளான பிரித்தானிய நூலகத்தில் பட்டியலும் எண்ணிமப்படுத்திய கையெழுத்துப் பிரதிகளும் மாதக் கணக்கில் பார்க்க முடியாமல் போயின. இலங்கைச் சுவடிகளில் ஒரு பெரிய தொகுதி, ஆங்கிலேயர் காலத்தில் இங்கு அதிகாரியாக இருந்த ஹியூ நெவில் திரட்டியது, அந்த நூலகத்தில்தான் இருக்கிறது. 2024 ஒக்டோபரில் இன்டர்நெட் ஆர்கைவும் அவ்வாறே முடங்கியது. ஆகவே நம் பகுதியைப் பற்றிய, பிரதி எடுக்க உரிமைத் தடை இல்லாத நூல்களையாவது இறக்கி நூலகக் கணினியில் வைத்திருப்பது நல்லது. ஒரு வன்தட்டு போதும். வீதிக்குப் போடும் ஒரு லொறிக் கிரவலின் விலைகூட ஆகாது.

இணையத்தில் இல்லாதவையும் உண்டு. கும்பாபிஷேக மலர்கள், பள்ளிவாசல் நூற்றாண்டு மலர்கள், கிராம அபிவிருத்திச் சங்கங்கள் அச்சிட்ட சிறு நூல்கள், வண்ணக்கர் எனப்படும் கோவில் நிர்வாகிகளின் குடும்பங்களிடம் இருக்கும் கோவில் முறை ஏடுகள் ஆகியவை 300 பிரதி அச்சாகி 50 பேர் வீட்டில் பரணில் கிடப்பவை. அல்லது ஒரே பிரதியாக ஒரு பெட்டியில் இருப்பவை. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியும் 2004 டிசம்பர் 26இன் கடலும் கொண்டுபோனது போக மிஞ்சியதைக் கறையான் பார்த்துக்கொள்கிறது. எந்தக் குடிக்கு எந்த நாள் திருவிழா என்று ஒரு மலரில் அச்சான அட்டவணை, குடிமுறையை ஆராய்பவருக்குப் பொன். நம் நூலகங்கள் சிலவற்றில் இவற்றை 'பலவினம்' என்று கட்டி ஒதுக்கிவிடுவார்கள், கணக்கெடுப்பு வந்தால் கழித்தும் விடுவார்கள். தயவுசெய்து கழிக்காதீர்கள். உரிமையாளரிடம் கேட்டு வாங்கி, ஒளிப்படம் எடுத்து, யாருடையது, எந்த ஊர், எந்த ஆண்டு என்று எழுதி, மூலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஏட்டை நூலகத்துக்கே தரும்படி வற்புறுத்தினால் ஒருவரும் பெட்டியைத் திறக்க மாட்டார்கள்.

பல்கலைக்கழக மாணவர்கள் ஆண்டுதோறும் எழுதிக் கொடுக்கும் ஆய்வேடுகளும் இப்படித்தான். ஒரு பிள்ளை தன் ஊரின் மரண வீட்டுச் சடங்கை ஒரு வருடம் இருந்து எழுதுகிறது. மதிப்பெண் வந்ததும் அது ஓர் அடுக்கில் ஏறிவிடுகிறது. அடுத்த தொகுதியில் வேறொரு பிள்ளை அதே தலைப்பை எடுத்து முதலிலிருந்து தொடங்குகிறது. எழுதியவரின் சம்மதத்தோடு ஒரு பிரதி அந்த ஊர்ப் பொது நூலகத்துக்கும் வரட்டும்.

தொல்லியல் என்றதும் இந்த மண்ணில் மனம் கலங்குவதற்குக் காரணம் உண்டு. அதைச் சுற்றிவளைக்காமல் பேசலாம். வயலோரத்திலும் கோவில் மலையிலும் தொல்பொருள் திணைக்களத்தின் பலகை முளைத்தால் மக்கள் பயப்படுகிறார்கள். 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென்று ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டபோது, முதலில் நியமிக்கப்பட்டவர்களில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. கோபம் நியாயமானது. ஆனால் ஒலிபெருக்கியில் பேசுபவர்களில் எத்தனை பேர் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தை வாசித்திருக்கிறார்கள்? 1815 மார்ச் 2க்கு முந்தியதே அதன்படி தொல்பொருள் என்பதும், அனுமதியில்லாமல் அகழ்வது தன் காணியிலேயே ஆனாலும் குற்றம் என்பதும், எந்த இடம் எப்போது பிரகடனமானது என்பதை வர்த்தமானியில் பார்க்கலாம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தீகவாபி, ராஜகல, லகுகலையின் மகுல் மகா விகாரை, வெல்லாவெளிப் பக்கத்துப் பிராமிச் சாசனங்கள் என்று எதைப் பேசினாலும், பரணவிதான 1970இல் வெளியிட்ட பிராமிக் கல்வெட்டுத் தொகுதியும் பேராசிரியர் சி. பத்மநாதனின் தமிழ்ச் சாசனத் தொகுதிகளும் பக்கத்தில் இருந்தால்தான் பேச்சுக்குக் கால் இருக்கும். மான்மியத்தை மட்டும் வைத்து வாதிட முடியாது; அதன் அடுக்குகள் வெவ்வேறு காலத்தவை. அதை எடுத்துக் காட்டினால் துரோகி என்கிறார்கள். என்னையும் சொல்லியிருக்கிறார்கள், பரவாயில்லை.

திணைக்களத்தின் அகழ்வு, மேலாய்வு அறிக்கைகள் பல சிங்களத்தில் இருக்கின்றன. இதில் அம்பாறை நகர நூலகத்தின் உதவியை ஏன் கேட்கக் கூடாது? அங்கே சிங்களம் வாசிப்பவர்கள் இருக்கிறார்கள், இங்கே தமிழ் மலர்கள் இருக்கின்றன. இரு பக்கத்துக்கும் பொதுவான ஒரு பட்டியலைச் செய்தால் ஒருவருக்கொருவர் உள்ளடக்கத்தைச் சொல்லிக்கொள்ளலாம். வெளியிடாத அறிக்கைகளுக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. விண்ணப்பத்தைத் தமிழிலேயே கொடுக்கலாம். உங்கள் பிரதேச செயலகப் பிரிவில் எந்தெந்த இடங்கள் மேலாய்வு செய்யப்பட்டன, அறிக்கை எங்கே என்று நீங்களே குடிமக்களாகக் கேட்டு, கிடைத்த பதிலை நூலகத்தில் வையுங்கள். பதில் வராவிட்டால் மேன்முறையீடு செய்யவும் சட்டம் இடம் தருகிறது.

யாரை நியமிப்பது என்று கேட்பீர்கள். புதிய பதவிக்கு ஆளணி அனுமதி வாங்கும் சிரமம் எனக்குத் தெரியும். இருக்கும் நூலக உதவியாளர்களில் ஆர்வமுள்ள ஒருவரைத் தெரிந்து, வாரத்தில் இரண்டு பிற்பகல் இந்த மேசைக்கென்று விடுவித்தாலே போதும். வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் உள்ள பல்கலைக்கழக நூலகர்களிடம் ஒரு பயிற்சி கேளுங்கள். எல்லாச் சபையும் தனித்தனியே எல்லாவற்றையும் வாங்க வேண்டாம். மக்கில்வ்ரேயின் நூல் ஒரு நூலகத்தில் இருந்தால் மற்றவை கேட்டு எடுக்கலாம், பட்டியல் மட்டும் பொதுவாக இருக்கட்டும்.

அடுத்த ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தை ஆண்டு முடிவதற்குள் சபையில் வைப்பீர்கள். நூலகத் தலைப்பின்கீழ் வரும் ஒதுக்கீட்டில் இந்த மேசைக்கும் வன்தட்டுக்கும் ஒரு வரி சேருங்கள். பட்டியல் எழுதும் வேலைக்கு ஊதியம் இல்லாமல் வரத் தயாராக இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலரை எனக்குத் தெரியும், நானும் வருவேன். எந்த நூலகத்தில் தொடங்குவது என்பதை மட்டும் நீங்கள் தீர்மானித்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்,
களுவாஞ்சிகுடி.