வேறு வைத்த வீடு

காரைக்குடி

அன்புள்ள சொக்கு,

கடிதம் கிடைத்தது. தேவகோட்டை வீட்டுக்கு ஓடு மாற்றி முடித்தது நல்ல செய்தி. ஆச்சியைக் கேட்டதாகச் சொல்.

விண்டோஸை அழிக்காமல் ஃப்ரீபிஎஸ்டி என்ற இலவச இயங்குதளத்தைப் போட முடியுமா என்று கேட்டிருந்தாய். கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை ஓட்டும் மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸில் தாராளமாகப் போடலாம். கல்யாணமான பிள்ளையை நம் பக்கம் வேறு வைக்கிறோமே, அதே கணக்குதான்: வளவு ஒன்று, அடுப்பும் அரிசியும் தனி. வருகிற தகராறு பெரும்பாலும் இந்தப் பங்கு பிரிப்பில்தான்; ஃப்ரீபிஎஸ்டி மேல் பழி போடாதே.

ஃப்ரீபிஎஸ்டி 14 வரிசையின் ஏஎம்டி64 (64-பிட் கணினிக்கானது) ‘டிஸ்க்1’ ஐஎஸ்ஓவை, அதாவது நிறுவல் வட்டின் நகல் கோப்பை, இறக்கு. ஏறக்குறைய ஒரு ஜிபி. உங்கள் வீட்டுச் சுவர் கனத்துக்கு இரண்டாங்கட்டில் வைஃபை எட்டாது, முகப்பிலேயே உட்கார்ந்துகொள். கோப்பு பழுதில்லாமல் வந்ததா என்று செக்சம் சரிபார்க்காமல் தொடங்காதே.

உன் கணினியில் இருப்பது 8 ஜிபி ராம். அதில் 2 ஜிபி, இரண்டு கோர், 20 ஜிபி டிஸ்க் மெய்நிகர் கணினிக்குக் கொடு. நிறையக் கொடுத்தால் விண்டோஸ் மூச்சுத் திணறும், அதோடு சேர்ந்து இதுவும் தவழும். விர்ச்சுவல்பாக்ஸின் இயங்குதளப் பட்டியலில் 32-பிட் மட்டும் தெரிந்தால் பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) விர்ச்சுவலைசேஷன் அணைந்து கிடக்கிறது என்று பொருள். ஏஎம்டி போர்டில் அதன் பெயர் எஸ்விஎம். ஓடும்போது கீழ்ப்பட்டையில் பச்சை ஆமை தெரிந்தால் விண்டோஸின் சொந்த மெய்நிகர் வசதியான ஹைப்பர்-வி குறுக்கே நிற்கிறது. அதை அணைத்தால் வேகம் வரும், ஆனால் டபிள்யூஎஸ்எல்2 (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி) வைத்திருந்தால் அது நின்றுபோகும்.

இன்ஸ்டாலரில் பெரும்பாலும் என்டர் தட்டிக்கொண்டே போகலாம். டிஸ்க் பிரிக்கும் இடத்தில் மட்டும் நிதானம் வேண்டும். ஆட்டோ இசட்எஃப்எஸ் (டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் முறை), அதில் ஒரே டிஸ்க்குக்குப் போதுமான ‘ஸ்ட்ரைப்’ எடு. அடுத்த திரையில் ‘ஏடிஏ0’ என்று ஒரே ஒரு வரி, முன்னால் வெற்றுக் கட்டம். ஒன்றுதானே இருக்கிறது என்று என்டர் தட்டினால் ‘போதுமான டிஸ்க் தேர்வாகவில்லை’ என்று திருப்பி அனுப்பிவிடும். ஸ்பேஸ் பாரை அழுத்திக் கட்டத்தில் குறி விழுந்த பிறகுதான் என்டர்.

இசட்எஃப்எஸ் சொல்லக் காரணம் உன் யுபிஎஸ். பேட்டரி செத்துக் கிடக்கிறது என்கிறாய். இசட்எஃப்எஸ் பழைய பிளாக்கின் மேலேயே எழுதாது, புது இடத்தில் எழுதிவிட்டுத்தான் சுட்டியை மாற்றும். அதனால் பாதியில் கரண்ட் போனாலும் குழம்புவது குறைவு. ஆனால் விண்டோஸ் எழுதாமல் கையில் வைத்திருந்த தகவல் போனது போனதுதான். முதலில் பேட்டரியை மாற்று!

பயனர் சேர்க்கும்போது ‘வேறு குழுக்களில் சேர்க்கவா’ என்று ஒரு கேள்வி வரும். அங்கே ‘வீல்’ என்று அடி. காலியாக விட்டால் அந்தப் பயனரால் ‘எஸ்யு’ கட்டளை போட்டு ரூட் (முழு அதிகாரமுள்ள பயனர்) ஆக முடியாது. எஸ்எஸ்எச் (வேறு கணினியிலிருந்து நுழையும் வழி) மூலமாக ரூட்டை ஃப்ரீபிஎஸ்டி நேரே உள்ளே விடவும் செய்யாது.

முடிந்து ரீபூட் ஆனதும் மறுபடி இன்ஸ்டாலரே வந்தால் பதறாதே. ஐஎஸ்ஓ இன்னும் டிரைவில் இருக்கிறது. மெஷினை நிறுத்திவிட்டுக் கழற்று. நெட்வொர்க் ‘நேட்’டிலேயே இருக்கட்டும். உள்ளிருந்து இணையம் கிடைக்கும், விண்டோஸிலிருந்து உள்ளே போகத்தான் வாசல் இல்லை. போர்ட் ஃபார்வர்டிங்கில் ஹோஸ்ட் 2222, கெஸ்ட் 22 என்று ஒரு வரி சேர்த்தால் புட்டி என்ற எஸ்எஸ்எச் மென்பொருள் வழியாக நுழையலாம்.

அணைக்க ‘ஷட்டவுன் -பி நவ்’. ‘-எச்’ போட்டால் சிஸ்டம் நிற்கும், பவர் போகாது. ஏதாவது விசையை அழுத்து, ரீபூட் ஆகிறேன் என்று திரை காத்துக்கொண்டிருக்கும்.

முதல் தடவை ஒழுங்காக அணைத்ததும் ஒரு ஸ்னாப்ஷாட் (அப்போதைய நிலையின் பதிவு) எடுத்துவிட்டு, அதற்கப்புறம் இஷ்டத்துக்கு உடைத்துப் பார். டெஸ்க்டாப் போடுவது அடுத்த கடிதத்தில். அதுவரை கறுப்புத் திரையிலேயே பழகு.

அன்புடன்,
வள்ளியப்பன்