செயலாளர் ஆண்டறிக்கை: ஈமெயில் வைத்தியத்துக்கு என்ன செலவு?

சங்க உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதாமாதம் கூட்டப்பட்டது. பாதி மாதங்களில் கூட்டம் நடத்தப் போதுமான ஆள் வராமல் ஒத்திவைக்க வேண்டியதாயிற்று. பொங்கல் விளையாட்டுப் போட்டி, குடியரசு தினக் கொடியேற்றம், கோடை விழாவுக்கு முன் ஏரிப் பக்கம் குப்பை அகற்றியது எல்லாம் வழக்கம்போல் நடந்தன. நாகலூர் சாலைத் தெருவிளக்குக்கு மறுபடியும் மனு கொடுத்திருக்கிறோம்.

இனி ஈமெயில் மருத்துவ ஆலோசனை பற்றி. ஏற்காட்டு மலைக் கிராமத்து நோயாளிகளின் விவரத்தைச் சேலத்து டாக்டருக்கு மெயிலில் அனுப்பி, அவர் பதிலை வாங்கிக் கொடுக்கிறோம் அல்லவா, அதுதான். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் பொதுக்குழுவில் "ஈமெயில் அனுப்ப என்னய்யா செலவு, அதற்கு எதற்குத் தனி நிதி?" என்று கேட்டார்கள், கேட்டவர்களில் பாதிப் பேர் பதில் சொல்லும் முன்பே எழுந்து போய்விட்டார்கள்.

கடிதம் போகக் காசு ஆகாது, உண்மைதான். ஆனால் அந்தக் கடிதத்தை எழுத ஒரு ஆள் வேண்டும். நர்சிங் படித்த நம் ஊர்ப் பெண் ஒருவர் வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்த்து, பழைய சீட்டையும் ரிப்போர்ட்டையும் படம் எடுத்து, நோய் விவரத்தை ஒழுங்காக டைப் செய்து அனுப்புகிறார். டாக்டர் பதிலில் கூடுதலாகக் கேள்வி கேட்டால் திரும்பவும் அதே வீட்டுக்கு நடக்க வேண்டும். செலவில் பெரும்பங்கு இவருக்குக் கொடுக்கும் சொற்ப மதிப்பூதியம்தான். அப்புறம் சுகர் ஸ்ட்ரிப், பிரிண்டர் மை, நெட். இலவச ஜிமெயிலில் மொத்தமே 15 ஜிபி, ஒரு மெயிலில் 25 எம்பிக்கு மேல் இணைக்க முடியாது. ஈசிஜி, எக்ஸ்ரே படங்களால் இடம் நிரம்பி இப்போது மாதப் பணம் கட்டுகிறோம். பழையதை அழிக்கவும் முடியாது. 2020 மார்ச்சில் மத்திய அரசு கொண்டுவந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்படி டாக்டர் இந்தப் பதிவுகளைப் பத்திரப்படுத்தியாக வேண்டும்.

வாட்ஸ்அப் போதாதா என்றால், அதில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிவிடுகிறது, ஈசிஜி கோடு தெளிவாகத் தெரிவதில்லை. வீடியோவில் டாக்டரிடம் பேச வைக்கும் அரசின் இ-சஞ்சீவனி இலவசம், நல்ல திட்டம், சிக்னல் இருக்கும் இடத்தில் அதையே பயன்படுத்தச் சொல்கிறோம். ஆனால் சரிவில் இருக்கும் கிராமங்களில் வீடியோ பாதியில் அறுந்துபோகிறது. மெயில் அப்படியில்லை, சிக்னல் வரும் இடத்துக்கு ஏறி வந்ததும் போய்விடும்.

வெளிநாட்டில் இதைச் சும்மாவே செய்கிறார்களாமே என்றும் ஒருவர் கேட்டார். தூரத்து ஆஸ்பத்திரிகளை நிபுணர்களோடு ஈமெயிலில் இணைக்கும் பிரிட்டனின் ஸ்வின்ஃபென் அறக்கட்டளையைத்தான் சொல்கிறார். 1998ல் தொடங்கி, 1999ல் டாக்கா அருகே சாவரில் உள்ள மறுவாழ்வு மையத்துக்கு ஒரு டிஜிட்டல் கேமராவும் ஈமெயிலும் கொண்டு முதல் இணைப்பைக் கொடுத்தார்கள். அங்கே செலவு குறைந்ததற்குக் காரணம் நிபுணர்கள் பணம் வாங்காமல் பதில் எழுதியது. நமக்கும் சேலத்திலிருந்து ஒரு டாக்டர் அப்படித்தான் எழுதுகிறார். மேலே சொன்ன மத்திய அரசு வழிகாட்டுதல்படி நேரில் பார்ப்பதற்கு வாங்கும் அதே கட்டணத்தை அவர் இதற்கும் வாங்கலாம். வாங்கவில்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து படித்துப் பதில் போடுகிற அந்த நேரத்துக்கு விலை இல்லை என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

எல்லாவற்றையும் மெயிலில் முடிக்கவும் முடியாது. நேரில் பார்த்து ஆறு மாதம் தாண்டிவிட்டால் அது புது ஆலோசனைக் கணக்கு, அப்போது வெறும் கடிதத்தை வைத்து எழுதக்கூடிய மருந்துகள் மிகக் குறைவு. அதனால் சுகர், பிரஷர்காரர்களை அவ்வப்போது மலைக்குக் கீழே டாக்டரிடம் கூட்டிப்போகிறோம், அந்த வண்டிச் செலவும் சங்கத்துடையது. காலில் புண்ணோடு இருந்த ஒரு பெரியவரின் படத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் "உடனே இறக்குங்கள்" என்று ஒரே வரி எழுதினார். அன்றைக்கே இறக்கினோம், கால் தப்பியது.

உறுப்பினர்கள் கவனிக்க வேண்டியது இதுதான். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஏறினால் நோயாளிக்கு ஒரு நாள் கூலி போச்சு, துணைக்கு வருபவர் கூலியும் போச்சு, பஸ், சாப்பாடு வேறு. அந்தப் பணம் இப்போது அந்தந்த வீட்டில் மிச்சமாகிறது. செலவு மட்டும் சங்கக் கணக்கில் விழுகிறது. நோட்டில் நஷ்டமாகத் தெரிவது அதனால்தான்.

வரவு செலவு விவரம் பொருளாளரிடம் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். சுருக்கமாகச் சொன்னால், வரவை மிஞ்சிச் செலவாகி, கட்டிட நிதியிலிருந்து எடுத்துச் சமாளித்திருக்கிறோம். சந்தா நிலுவை முழுவதும் வந்திருந்தால் அதில் கை வைத்திருக்க வேண்டியதில்லை. காபியும் மிளகும் நல்ல விலைக்குப் போன வருஷத்திலும் சந்தா கட்டாதவர்கள் இருக்கிறார்கள். பெயர் எழுதவில்லை, அவரவர்க்குத் தெரியும்.

டாக்டருக்கும், தலைவர், பொருளாளர், அறை கொடுத்தவர், வண்டி கொடுத்த தோட்டக்காரர் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி. நர்சிங் படித்த அந்தப் பெண்ணுக்கு மலைக்குக் கீழே ஒரு ஆஸ்பத்திரியில் நல்ல சம்பளத்துக்கு வேலை வந்திருக்கிறது. இங்கேயே இருக்கத்தான் அவருக்கு விருப்பம், வீட்டு நிலைமையையும் அவர் பார்க்க வேண்டுமல்லவா. அவர் போய்விட்டால் மெயில் எழுத ஆள் இல்லை. அடுத்த செயற்குழுவுக்குள் சங்கத்தின் பதிலைச் சொல்வதாக அவரிடம் அவகாசம் கேட்டு வைத்திருக்கிறேன். அதனால் சந்தா நிலுவையைக் கட்டிவிடுங்கள். பொருளாளர் ஞாயிறு காலையில் சங்க அறையில் ரசீது புத்தகத்தோடு இருப்பார், சேலத்தில் குடியிருப்பவர்கள் சங்கத்தின் வங்கிக் கணக்கிலேயே போடலாம்.

இப்படிக்கு,
செயலாளர்