வெட்டுவதற்கு முன்பே சொல்லுங்கள்: மோட்டார் வாகனப் பதிவு அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மோட்டார் வாகனப் பதிவு அதிகாரிகளுக்கும், சென்னையிலும் தில்லியிலும் அமர்ந்து அவர்களுக்கு விதி எழுதித் தருபவர்களுக்கும்,

வணக்கம்.

போன செவ்வாய்க்கிழமை, ஐந்தாவது முறையாக, உங்கள் அலுவலகங்களில் ஒன்றின் கவுன்ட்டர் முன்னால் நின்றேன். கையில் ஓர் ஆர்.சி. புத்தகம், ஒரு கோப்பு நிறைய வரைபடங்கள், செய்தித்தாளில் சுற்றிய ஒரு சாண் தகடு. தகட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். படிவத்தில் 'தயாரிப்பாளர் பெயர்' என்ற கட்டத்தில் என் பெயரை எழுதியிருந்தேன். அதைப் பார்த்த ஊழியர் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். "ஐயா, எத்தனை தொழிற்சாலை வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். முப்பத்தொரு வருடம் தொழிற்பயிற்சி நிலையத்தில் பிள்ளைகளுக்கு இன்ஜினைப் பிரிக்கவும் பூட்டவும் கற்றுக்கொடுத்தவன், சிரிப்புக்குப் பழகியவன். தொழிற்சாலை இல்லை. வீட்டுக்குத் தெற்கே ஓர் ஓலைக்கொட்டகை இருக்கிறது. அதில் ஒரு கார் நிற்கிறது. அதை நான்தான் செய்தேன்.

என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். வீட்டில் ஒருவர் தன் கையால் செய்யும் ஒற்றைக் காரைச் சோதித்துப் பதிவு செய்ய ஒரு முறை வையுங்கள். அது முடியவே முடியாது என்றால், அதையாவது எழுத்தில், நாங்கள் பழைய வண்டியை வெட்டுவதற்கு முன்பே சொல்லுங்கள்.

வெட்டுவதற்கு முன்பே என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கிட் கார், அதாவது உதிரிகளைச் சேர்த்து வீட்டிலேயே செய்யும் கார், கட்டுகிறவனின் பாதி வேலை, எந்த வண்டியைப் பிரிப்பது என்று தீர்மானிப்பதில் முடிந்துவிடுகிறது. உறுப்பு கொடுக்கும் அந்த வண்டியை வெளிநாட்டில் டோனர் கார் என்கிறார்கள். எங்கள் கொட்டகையில் அதன் பெயர் தாய் வண்டி. இன்ஜின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில், ஸ்டீயரிங், பிரேக் என்று எல்லாம் ஒரே தாயிடமிருந்து வந்தால் ஒன்றோடொன்று பொருந்தும். ஓர் இடத்தில் இன்ஜினும் இன்னோர் இடத்தில் ஆக்சிலுமாக வாங்கினால், நடுவில் இருக்கும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை நீட்டவும் குறுக்கவும் லேத் கடைக்கு நடந்தே செருப்புத் தேயும். அதைவிட முக்கியம், முழு வண்டியாக வாங்கினால் ஆர்.சி. கூடவே வரும். ஆக்கர் கடையில் தனி இன்ஜின் மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் அதன் எண்ணைப் பார்த்து 'இது யாருடையது?' என்று நாளை நீங்கள் கேட்டால் என்னிடம் பதில் இருக்காதே என்று பயந்துதான் முழு வண்டி தேடினேன். உங்களுக்காகத்தான் தேடினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு மாதம் தேடினேன். மாருதி 800 தெருவுக்குத் தெரு கிடந்தது. ஆனால் அதில் இன்ஜின் குறுக்காக உட்கார்ந்து முன் சக்கரத்தை இழுக்கிறது. நீண்ட மூக்கும் இரண்டு இருக்கையும் கொண்ட கார் வேண்டும் என்பவனுக்கு அது ஒத்துவராது. இன்ஜினை அப்படியே தூக்கி இருக்கைக்குப் பின்னால் வைத்துப் பின் சக்கரத்தை ஓட்டவைக்கலாம். ஆனால் அந்தச் சக்கரங்கள் திரும்பிப் பழகியவை. ஸ்டீயரிங் இணைப்பைக் காரின் இரும்புச் சட்டத்தோடு அசையாமல் பூட்டாவிட்டால் வளைவில் பின்பக்கம் தன் இஷ்டத்துக்குப் போகும். இந்த 800 இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் செய்த கோயம்புத்தூர் கரிவரதன் போன்ற ஆட்கள் வேறு ரகம். நான் அவ்வளவு துணிந்தவன் இல்லை.

அம்பாசடரின் 1,817 சிசி இசுசு இன்ஜின் என்றால் எனக்கு உயிர். மகாராஷ்டிராவில் சின்காரா என்ற நிறுவனம் அதே இன்ஜினை வைத்து ஒரு சின்ன ரோட்ஸ்டரையே, அதாவது கூரையில்லாத இரண்டு இருக்கைக் காரையே, விற்றது. ஆனால் இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்த அந்த எடையை என் மெல்லிய சட்டத்தின் மூக்கில் வைக்க மனம் வரவில்லை. கான்டெஸாவைப் பிரிக்கிறேன் என்றால் அடிக்க வருவார்கள். பிரீமியர் பத்மினிக்கு உதிரிப் பாகம் தேடியே ஆயுள் போய்விடும். மாருதி ஜிப்சிக்கு மேல்கூட்டிலிருந்து பிரித்தெடுக்கக்கூடிய தனி இரும்புச் சட்டம் உண்டு. ஜிப்சி கிங்கில் இருப்பது மாருதி எஸ்டீம் காரின் குடும்பத்தைச் சேர்ந்த 1,298 சிசி இன்ஜின். அருமையான தாய் வண்டி. ஆனால் காடு மலை ஏறும் பிள்ளைகள் கேரளத்திலிருந்து வந்து கேட்கிற விலையைக் கொடுத்து ஓட்டிக்கொண்டு போகிறார்கள். என் ஓய்வூதியத்தால் அவர்களோடு போட்டி போட முடியவில்லை.

கடைசியில் குளச்சல் பக்கம் ஒரு மாருதி ஆம்னி வேன் அகப்பட்டது. 800-ல் இருக்கும் அதே 796 சிசி மூன்று சிலிண்டர் இன்ஜின். ஆனால் இதில் நீளவாக்கில் உட்கார்ந்து பின் சக்கரத்தை ஓட்டுகிறது. கார்புரேட்டர் காலத்து வண்டி என்பதால் கணினிப் பெட்டி, சென்சார் என்ற தலைவலி இல்லை. குதிரைத்திறன் நாற்பதைத் தொடாது. என் கார் 520 கிலோதான், அதற்கு அது தாராளம். பல வருடம் மீன் பெட்டி ஏற்றிய வண்டி. ஐஸ் கரைந்த உப்புநீர் தரையைத் தின்றிருந்தது; ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தால் காலடியில் தார்ச்சாலை தெரியும். வேறு யாரும் சீண்டாததால்தான் 38,000 ரூபாய்க்குக் கிடைத்தது. எனக்கு அதன் உடம்பு தேவையில்லை, உறுப்புகள் போதும். இன்றைக்கும் இன்ஜின் சூடானால் கியர்பாக்ஸ் பக்கம் லேசாக நெத்திலி வாசம் வரும்.

சதுரக் குழாய்களை வெட்டிச் சட்டம் பற்றவைத்தேன். குளச்சலில் வள்ளங்களுக்கு ஃபைபர் பூசும் ஒருவர்தான் மூக்கையும் மட்கார்டையும் வார்த்துக் கொடுத்தார். என்னைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் தொழிலில் பெரியவர் என்பதால் அண்ணன் என்றே கூப்பிடுகிறேன். அவர்தான் ஒருநாள் ரெசின் கலந்துகொண்டே, "சார், வள்ளம் கவிழ்ந்தால் நீந்திக் கரையேறலாம். இது கவிழ்ந்தால் என்ன செய்வீர்கள்?" என்றார். மறுநாளே தலைக்கு மேல் வளைகுழாய் ஒன்று சேர்த்தேன். எந்தச் சோதனை அதிகாரியும் சொல்லாமல் சேர்த்தது அது.

இனி அந்தத் தகடு. ஜிப்சி, ஜீப் போலத் தனிச் சட்டம் உள்ள வண்டிகளில் சேஸிஸ் எண் சட்டத்தில் இருக்கும். மேல்கூட்டைக் கழற்றினாலும் எண் தப்பிவிடும். ஆம்னியில் உடம்பேதான் சட்டம். எண் அந்த உடம்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. உடம்பு வேண்டாம் என்றால் எண்ணும் போகும். வெட்டுவதற்கு முன்னால் உங்கள் அலுவலகத்துக்கு வந்து, 'எண்ணை என்ன செய்வது?' என்று கேட்டேன். 'வண்டியை முடித்துக் கொண்டுவாருங்கள், பார்க்கலாம்' என்றார்கள். வெட்டினேன். எண் உள்ள பகுதியை மட்டும் சுற்றிலும் நான்கு விரல் விட்டு அறுத்தெடுத்து, கிரீஸ் தடவி, செய்தித்தாளில் சுற்றி, வீட்டுப் பத்திரம் இருக்கும் பெட்டியில் வைத்தேன். முடித்துக் கொண்டுபோய்க் கேட்டபோது, 'யாரைக் கேட்டு வெட்டினீர்கள்?' என்றார்கள்.

இந்தத் தகட்டைப் புதுச் சட்டத்தில் பற்றவைத்தால் சேஸிஸ் எண்ணைத் திருத்திய குற்றம். பற்றவைக்காவிட்டால் என் கார் எண்ணில்லாத இரும்பு. ஆம்னி அழிந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்து 55-ஆவது பிரிவின்படி ஆர்.சி.யை ரத்து செய்தால், அதன் இன்ஜின் அநாதையாகிவிடும். அந்த அநாதை என் காரில் ஓடும். ரத்து செய்யாவிட்டால், இல்லாத ஒரு வண்டிக்கு நான் உரிமையாளன். மனு போட்டேன். 'உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்று ஒரு வரி வந்தது. உரிய அலுவலர் யார் என்று அதில் இல்லை. இதற்கிடையே ஆம்னியின் பதிவுக் காலம் முடியப்போகிறது. 2022 ஏப்ரலுக்கு முன் 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் அதன்பிறகு 5,000 ஆனது. ஒரு சாண் தகட்டுக்கு அதைக் கட்டவா என்று கேட்டேன். அதற்கும் சிரிப்புதான்.

சட்டம் தெரியாமல் எழுதவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவும், தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் தெரியும். சைலன்ஸரைப் பிடுங்கிவிட்டு ஊரை எழுப்புகிறவர்களைப் பிடியுங்கள், நானே கைதட்டுகிறேன். என் கேள்வி வேறு. நான் ஆம்னியை மாற்றி அதை ஆம்னி என்று சொல்லவில்லை. இது புதுக் கார், செய்தவன் நான், சோதித்துக்கொள்ளுங்கள் என்கிறேன். அதற்கு நீங்கள் காட்டும் வழி 126-ஆவது விதி: மாதிரி வண்டியைப் புனேயிலோ மானேசரிலோ உள்ள சோதனை மையத்துக்கு அனுப்பி அங்கீகாரம் வாங்கு. ஆயிரக்கணக்கில் கார் செய்யும் நிறுவனத்துக்கு அது சரி. சுவரில் மோதவிட்டுச் சோதிக்க அவர்களிடம் கார் உண்டு. நான் மோதவிட்டால், அங்கீகாரம் வரும்போது கார் இருக்காது.

உலகத்தில் யாரும் செய்யாததையா கேட்கிறேன்? 1957-ல் பிரிட்டனில் வந்த லோட்டஸ் செவன் என்ற சின்னக் காரைப் பெட்டியில் உதிரிகளாக வாங்கி வீட்டில் பூட்டியவர்கள் ஏராளம். முழுக் காருக்கு இருந்த கொள்முதல் வரி உதிரிகளுக்கு இல்லை என்பதே காரணம். அந்த நாட்டில் இன்று ஒற்றை வண்டிக்கென்றே தனிச் சோதனை இருக்கிறது. விளக்கு, பிரேக், சீட் பெல்ட், புகை என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். வெளிப்புற விளிம்பு கூராக இருக்கிறதா, 2.5 மில்லிமீட்டர் வளைவு உண்டா என்றுகூட அளக்கிறார்கள். புகைக்கு இன்ஜினின் வயதைப் பார்த்து வரம்பு. எங்கிருந்து வந்தது என்றே தெரியாத வண்டிக்கும் 'க்யூ' என்ற எழுத்தில் ஒரு நம்பர் உண்டு. அவ்வளவு தூரம் போவானேன்? ஐம்பது வயதைத் தாண்டிய பழைய கார்களுக்காக 2021-ல் நீங்களே 'வி.ஏ.' என்று தனி எழுத்துக் கொடுத்தீர்கள். யாரோ செய்த சேஸிஸில் கரூரில் வேறு யாரோ கூண்டு கட்டிய பஸ்ஸில்தான் நாம் எல்லோரும் போய்வருகிறோம். அந்தக் கூண்டுக்கும் விதி எழுதியிருக்கிறீர்கள். பஸ்ஸுக்கு எழுதிய கைக்கு இரண்டு இருக்கை வண்டிக்கு எழுத வலிக்கிறதா?

மன்னிக்கவும், ஆனாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் காரைக் கொட்டகையை விட்டு வெளியே எடுக்கக் கூடாது, அது சாலைக்கு ஆபத்து என்று உங்கள் அலுவலகத்தில் சொன்ன அன்று, வீடு திரும்பும் வழியில் தேசிய நெடுஞ்சாலையில் டாரஸ் லாரிகளை எண்ணினேன். மேற்கே போகும் பாறை லாரிகள். பக்கப் பலகைக்கு மேல் கல் குவிந்திருந்தது. பதினான்கு வரை எண்ணினேன், பிறகு ஒன்றிலிருந்து விழுந்த ஜல்லி என் ஹெல்மெட்டில் தெறித்ததால் எண்ணிக்கை தவறிவிட்டது. அவற்றின் சேஸிஸ் எண் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். தயாரிப்பாளர் பெயர் என்ற கட்டமும் நிரம்பியிருக்கும். மாவட்டத்து மலைகள் குறைந்துகொண்டே போக, சாலையில் பள்ளம் கூடிக்கொண்டே போக, ஆபத்து மட்டும் என் ஓலைக்கொட்டகைக்குள் 520 கிலோவில் ஒளிந்திருக்கிறது.

சரி, அது வேறு துறை, வேறு மடல். கேட்க வந்ததை மறுபடியும் பணிவாகக் கேட்கிறேன்.

ஒற்றைக் காருக்கு ஒரு சோதனை வையுங்கள். கட்டணம் எவ்வளவு என்றாலும் சொல்லுங்கள். தாய் வண்டியின் ஆர்.சி.யை ஒப்படைக்கவும், இன்ஜின் எண்ணை மட்டும் புதுப் பதிவுக்கு மாற்றவும் ஒரு படிவம் கொடுங்கள். காரின் புது இரும்புச் சட்டத்துக்கு உங்கள் கண் முன்னே, உங்கள் அச்சாலேயே எண் பொறியுங்கள். வருடத்துக்கு இத்தனை கிலோமீட்டர்தான் ஓட்டலாம் என்று வரம்பு வைத்தாலும் சம்மதம். எதுவுமே முடியாது என்றால், முடியாது என்பதை எழுதி ஒட்டிவையுங்கள். என்னிடம் படித்த பையன்கள் இரண்டு பேர் இப்போது ஒரு மாருதி ஈக்கோ வேனைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். 'சார், வாங்கட்டுமா?' என்று வாரம் ஒருமுறை கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் என்ன சொல்லட்டும்?

உங்களில் யாராவது ஒருவர் நேரில் வந்து காரைப் பார்க்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். வீடு தக்கலையிலிருந்து அதிக தூரம் இல்லை. விலாசம் ஐந்து மனுக்களிலும் இருக்கிறது. காலையில் வந்தால் நல்லது, மத்தியானம் மழை பிடித்துக்கொள்கிறது. நாயைக் கட்டிவைக்கிறேன். தகடு மேசைமேல் இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தொழிற்பயிற்சி ஆசிரியர் ஒருவர்,
கன்னியாகுமரி மாவட்டம்