நோயாளி வேஷமும் டாக்டர் வேஷமும்

ஆசிரியருக்கு வணக்கம். நிஜ நோயாளிங்க கதைன்னாலே அழ வச்சா போதும்னு நெனைக்கிறவங்க 1990ல வந்த அவேக்கனிங்ஸ் படத்த ஒரு தடவ பாக்கணும் சார். தூக்க மூளைக்காய்ச்சலால வருஷக்கணக்கா அப்படியே உறைஞ்சு கெடந்தவங்களுக்கு 1969ல எல்-டோபா மருந்து குடுத்த டாக்டர் ஆலிவர் சாக்ஸோட அனுபவந்தான் படம். மருந்து கைவிட ஆரம்பிச்சதும் நோயாளியா நடிச்ச ராபர்ட் டி நீரோவுக்கு கழுத்து இழுக்குது, கை தன்னால வெட்டுது, அந்த நெலமையிலயும் தன்னை படம் புடிக்கச் சொல்றாரு பாருங்க, அங்க வசனமே வேணாம், ஒடம்பே பேசுது. ஆஸ்கார் பரிந்துரை அவருக்குத்தான் வந்துச்சு, சரிதான், ஆனா எனக்கென்னவோ, காமெடில பேர் வாங்குன ராபின் வில்லியம்ஸ் அந்த கூச்ச சுபாவ டாக்டரா அடக்கி வாசிச்சதுதான் இன்னும் கஷ்டமான வேலைன்னு தோணுது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்