அலமாரியில் தூங்கும் ஆய்வேடுகள்

ஆசிரியருக்கு,

எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து நோயறியும் எம்.டி. கதிரியக்கவியல் படிப்பவர்கள் ஆய்வேடு எழுதியே ஆக வேண்டும். தேர்வு முடிந்ததும் அது பெரும்பாலும் நூலக அலமாரிக்குப் போய்விடுகிறது.

இந்தியப் பெண்களை அதிகம் தாக்குவது மார்பகப் புற்றுநோய். மார்பகத் திசு அடர்த்தியாக இருந்தால் மேமோகிராமில் (மார்பக எக்ஸ்ரேயில்) அதுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை, கண்டுபிடிப்பது கஷ்டம். கூடவே அல்ட்ராசவுண்ட் எடுப்பது எவ்வளவு உதவும் என்பதை, நம் ஊர்ப் பெண்களின் படங்களை அன்றாடம் பார்க்கும் இந்த இளம் டாக்டர்களே நன்றாக ஆராய முடியும்.

வட அமெரிக்கக் கதிரியக்கச் சங்கத்தின் அறக்கட்டளை, எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ராண்ட்ஜென் பெயரில் பயிற்சி மருத்துவர்களுக்கு ஆய்வு விருது தருகிறது. நம் மருத்துவப் பல்கலைக்கழகமும் மார்பகப் புற்றுநோய் ஆய்வேட்டுக்கென ஒரு விருது வைக்கலாமே! சால்வையோடு நிறுத்தாமல், அடுத்த ஆய்வுக்குப் பணமும் தரட்டும்.

– ஒரு வாசகி, மதுரை