எஞ்சின் நின்றது, முள் நிற்கவில்லை

உச்சிப்புளி,
மே 18.

மாப்ளே,

சுகம்தானே? இங்கே எல்லோரும் நலம். உன் மகள் கல்யாணத்துக்கு வராததற்கு நீ திட்டியதில் பாதி நியாயம். மீதிப் பாதிக்கு நேரில் பதில் சொல்கிறேன். இந்தப் பார்சலுக்குள் வயர் முனை நீட்டிக்கொண்டு ஒரு தகர டப்பா இருக்கும். அதைப் பார்த்ததும் போலீஸுக்குப் போன் போட்டுவிடாதே. பரமக்குடி லாட்ஜில் நீ செய்ததை இன்னும் யாரும் மறக்கவில்லை.

அது ஆயில் பிரஷர் சென்சார், எஞ்சினுக்குள் ஆயில் எவ்வளவு அழுத்தத்தில் ஓடுகிறது என்று டேஷ்போர்டு முள்ளுக்குச் சொல்கிற சாமான். அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

ஜீப் வாங்கிய கதையைப் போனில் சொன்னபோது சிரித்தாய். மகேந்திரா எம்எம் 540, 1991 மாடல், பியூஜோ டீசல் எஞ்சின். தனுஷ்கோடி மணலில் டூரிஸ்ட் ஏற்றிப் போய்க்கொண்டிருந்த வண்டி. 2017இல் அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு வந்ததும் அந்தப் பிழைப்பு போயிற்று. தங்கச்சிமடத்தில் ஒரு தென்னந்தோப்பில் கோழி அடைந்து கிடந்தது. விற்றவர் ஸ்டார்ட் பண்ணி, டேஷ்போர்டைத் தட்டிக் காட்டினார். "பாருங்க சார், ஆயில் பிரஷர் முள் எப்படி நிக்குதுன்னு. புது வண்டியிலகூட இப்படி நிக்காது." முள் வலது ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது. அந்த முள்ளை நம்பித்தான் பேரம் பேசாமல் கொடுத்தேன். வீட்டில் சொல்லிவிடாதே.

போன மாதம் பாம்பன் பாலத்தில் போகிறேன். பக்கத்தில் புது ரயில் பாலத்தை மேலே தூக்கிக்கொண்டிருந்தார்கள். நீ இன்னும் பார்க்கவில்லையே? பழைய பாலம் முன்பு இரண்டாகப் பிளந்து கை தூக்கும். இதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே லிப்ட் மாதிரி 17 மீட்டர் ஏறுகிறது. கார்காரன் பூராப் பேரும் நடு ரோட்டில் நிறுத்திவிட்டுச் செல்போனைத் தூக்கிப் பிடித்து நிற்கிறான். நான் பிரேக்கை மிதித்தேன், கிளட்சை மறந்தேன், வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நின்றுவிட்டது. அப்போதுதான் கண்ணில் பட்டது. முள் அதே இடத்தில் நிற்கிறது. முழு பிரஷர்! எஞ்சினே ஓடவில்லை, ஆயில் பம்ப் சுற்றவில்லை, பிரஷர் எங்கிருந்து வரும்?

கச்சான் காற்று முகத்தில் அறைகிறது, எனக்கோ முதுகெல்லாம் வேர்வை. இத்தனை நாள் இந்த முள் பொய் சொல்லியிருக்கிறது. அப்படியானால் உள்ளே உண்மையில் பிரஷர் எவ்வளவு? குச்சியை உருவிப் பார்த்தேன், ஆயில் அளவு சரியாக இருந்தது. இருந்தும் மறுபடி ஸ்டார்ட் பண்ணக் கை வரவில்லை. ஒரு ஐஸ் வண்டிக்குப் பின்னால் கயிறு கட்டித்தான் மண்டபம் வரை வந்தேன். பின்னால் உட்கார்ந்திருந்த உன் தங்கச்சி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்: "பஸ்ஸு இருபது நிமிசத்துக்கு ஒண்ணு இருக்கு."

மெக்கானிக் கிடைக்க வேண்டுமே. இது மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகெல்லாம் கரையேறிக் கிடக்கிறது. இந்தக் கரையில் ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த அத்தனை பேரும் படகு எஞ்சினுக்குள்ளே தலையை விட்டிருக்கிறார்கள். நம்ம பாய் அண்ணனை ஒரு படகுக்கு அடியில் போய்ப் பிடித்தேன். அந்த மனுஷன் வெளியே வராமலே கேட்டார்: "சாவி போட்டு வயரைக் கழட்டுனா முள் எங்க போகுது? வயரைப் பாடியில தொட்டா எங்க போகுது? பாத்துட்டு வா."

பார்த்தேன். வயரைக் கழற்றினாலும் முள் ஓரத்திலேயே நிற்கிறது. எஞ்சின் பிளாக்கில் வயரைத் தொட்டால் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுகிறது. முள் இருக்கிற கேஜும் வயரும் நல்லாயிருக்கின்றன, சென்சார்தான் செத்துவிட்டது என்று அர்த்தம். உள்ளே ஒரு தகடு, ஆயில் அதைத் தள்ளத் தள்ள ஒரு முனை கம்பிச் சுருளில் நகர்ந்து ரெசிஸ்டன்ஸை மாற்றும். இதில் தகடு கிழிந்து, வயர் மாட்டும் இடம் வழியாகவே ஆயில் கசிந்திருக்கிறது. உள்ளே தொடர்பு அறுந்துபோனதால் கேஜுக்கு வயர் கழன்ற மாதிரிதான். அதுதான் எந்நேரமும் முழு பிரஷர். விற்றவர் என்னை ஏமாற்றவில்லை மாப்ளே, அவரும் ஏமாந்துதான் ஓட்டியிருக்கிறார்.

அப்புறம் சென்சார் இருந்த துளையில் மெக்கானிக்கல் கேஜ் மாட்டிப் பார்த்தார். சூடான பிறகு ஐடிலில் 15 பிஎஸ்ஐ, முறுக்கினால் 45. "பேரிங் உசிரோடதான் இருக்கு" என்றார். அன்றைக்குத்தான் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

சரி, புதுசு ஒன்று வாங்கி மாட்டினால் முடிந்தது என்றுதானே நினைப்பாய்? நானும் அப்படித்தான் நினைத்தேன். ராமநாதபுரத்தில் ஒரு கடையில் கொடுத்தது விரல் நுனி அளவு. அது லைட்டுக்கான சுவிட்ச். பிரஷர் இறங்கினால் லைட் எரியும், ஏறினால் அணையும், அவ்வளவுதான். கேஜ் முள்ளை நகர்த்தத் தெரியாது. கேட்டால், "ரெண்டும் ஆயில் பிரஷர்தானே சார்" என்கிறார். அடுத்த கடையில் டப்பா மாதிரி சரியானதாகத்தான் கொடுத்தார்கள். இரண்டு சுற்று ஏறியது, மூன்றாவதில் இறுகிவிட்டது. நல்லவேளை, நான் முரட்டுத்தனம் பண்ணவில்லை. எந்தக் காலத்திலோ யாரோ பிளாக்கில் ஒரு பித்தளை அடாப்டர் போட்டிருக்கிறார்கள். அதில் பிரிட்டிஷ் மரை, அங்குலத்துக்கு 28 சுற்று. கையில் இருந்ததோ அமெரிக்க மரை, அங்குலத்துக்கு 27. பெயருக்கு இரண்டுமே எட்டில் ஒரு அங்குலம்தான். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், மரை கேஜ் வைத்தால்தான் குட்டு வெளிப்படும்.

மூன்றாவதை மதுரை வரை போய் வாங்கினேன். மரை அழகாக உட்கார்ந்தது. சாவியைப் போட்டேன், முள் நேரே முழு பிரஷருக்குப் போயிற்று. ஸ்டார்ட் பண்ணினேன், இறங்கியது. ரேஸ் பண்ணப் பண்ண இன்னும் இறங்கியது! உன் பெரியப்பா ஸ்கூட்டர் ஓட்டின மாதிரி எல்லாமே தலைகீழ். பாய் அண்ணன் மல்டிமீட்டரை வைத்தார். எஞ்சின் நின்றிருக்கும்போது 240 ஓம். அந்த வகையில் பிரஷர் ஏற ஏற 33க்கு இறங்கும். நம் கேஜுக்கு வேண்டியது எதிர்மாறு, சும்மா இருக்கும்போது 10, ஏறினால் 180.

அன்றைக்கு என் மச்சினன் பக்கத்தில் நின்றான். "அதான் பிரஷர் இருக்குல்ல? முள் எதுக்கு மாமா? வயரைப் பிடுங்கி விட்டு ஓட்டுங்க" என்றான். பாய் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு, "சூசையும் அப்படித்தான் பிடுங்கி விட்டான்" என்றார்.

எனக்கு அது தெரியாதடா. உனக்குத் தெரியுமா? தடைக்காலம் முடிந்து சூசை முதல் தடவை கடலுக்குப் போன ராத்திரி படகு எஞ்சின் ஜாம் ஆனது என்று மட்டும்தான் கேள்விப்பட்டிருந்தேன். ஆயில் பிரஷர் பஸ்ஸர் சும்மா சும்மா கத்துகிறது, தூங்க முடியவில்லை என்று அதற்கு முந்தின வருஷமே வயரைப் பிடுங்கிவிட்டானாம். எஞ்சின் நின்றதும் கச்சான் படகைக் கிழக்கே தள்ளிக்கொண்டே போயிருக்கிறது. காற்று இலங்கை எல்லையைப் பார்த்தா தள்ளும்? அப்புறம் நடந்ததும், அவன் அம்மா மாதக்கணக்கில் நம் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்திருந்ததும் உனக்குத் தெரியும். ஒரு வயர் மாப்ளே. திரும்பி வந்தவன் இன்றுவரைக்கும் படகில் கால் வைக்கவில்லை. இப்போது இடியாப்பக் கடை, நன்றாகத்தான் போடுகிறான். அவனிடம் இதை நான் கேட்கவில்லை, நீயும் கேட்காதே.

ஆகவே ஜீப் நிற்கிறது. துளைக்கு அடைப்பான் போட்டு ஓட்டலாம்தான், எனக்கு மனசு வரவில்லை.

நீ எழும்பூரில் குடியிருக்கிறாய், பழைய வண்டிச் சாமான் விற்கிற புதுப்பேட்டை உனக்கு நடக்கிற தூரம். லீவு நாளில் தூங்காமல் இந்தப் பழையதை எடுத்துக்கொண்டு போ. படத்தைக் காட்டிக் கேட்காதே, இதையே கையில் கொடு. கடைக்காரர் மரை கேஜ் வைத்துப் பார்க்கட்டும், 28 இருக்க வேண்டும். மல்டிமீட்டரில் ஒரு முனையை வயர் மாட்டும் இடத்தில், இன்னொன்றை உடம்பில் வைத்தால் 10 ஓம் பக்கம் காட்ட வேண்டும். 240 காட்டினால் வாங்காதே, "ஓடும் சார்" என்பார்கள், நம்பாதே. மேலே ஒரு முனை உள்ளதுதான் வேண்டும், எர்த் அதன் உடம்பு வழியாகத்தான். பணம் எவ்வளவு ஆனாலும் கேட்டு வாங்கிக்கொள், கல்யாண மொய்யில் கழித்துவிடாதே.

பழையதை டீசலில் இரண்டு தடவை கழுவி, துணியில் சுற்றி, மேலே பாலிதீன் பையும் போட்டேன். அப்படியும் கசிகிறது. இரண்டாம் பக்கத்தில் நீ பார்த்த கறை அதுதான், கண்ணீர் என்று நினைத்துக்கொள்ளாதே.

உன்
மாப்ளே