மூன்று மாத மாத்திரையை நிறுத்தாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டிசம்பர் 1 நெருங்குகிறது. எய்ட்ஸ் தினத்துக்குக் கல்லூரிப் பிள்ளைகள் சிவப்பு ரிப்பன் குத்திக்கொண்டு ஊர்வலம் போவார்கள், உறுதிமொழி எடுப்பார்கள், உங்கள் நாளிதழிலும் படம் வரும். அந்தப் படத்துக்குப் பக்கத்தில் எச்.ஐ.வி. உள்ள நாங்கள் தினமும் சாப்பிடும் மாத்திரையை மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கொடுப்பதைப் பற்றியும் நாலு வரி வர வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் நாமக்கல் மாவட்டத்துக்காரி. தறிப்பட்டறையில் தார் போடும் வேலை. என் வீட்டுக்காரர் லாரி ஓட்டினார். இந்தக் கிருமியை அடக்கும் கூட்டு மருந்தை அரசாங்கம் இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது 2004 ஏப்ரலில். தாம்பரம் சானடோரியம் உட்பட நாடு முழுக்க எட்டே ஆஸ்பத்திரிகளில். அதற்கு முன்னால் காசு கொடுத்து வாங்க வழியில்லாமல் இறந்துபோனவர்கள் எங்கள் பக்கம் எத்தனையோ பேர். அவரும் அதில் ஒருவர். அப்புறம் எச்.ஐ.வி. பரிசோதிக்கும் நம்பிக்கை மையத்தில் ரத்தம் கொடுத்துப் பார்த்தபோது எனக்கும் இருப்பது தெரிந்தது. அன்றிலிருந்து மாத்திரை சாப்பிடுகிறேன். வேலை செய்கிறேன், பேரப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன், நன்றாக இருக்கிறேன்.

2020 மார்ச் 24 சாயங்காலம் 6 மணியிலிருந்து தமிழ்நாட்டில் 144 போட்டு மாவட்ட எல்லைகளை மூடினார்கள். மறுநாளிலிருந்து நாடே அடைத்துவிட்டது. எங்களில் பலர் சொந்த ஊருக்குப் பக்கத்தில் உள்ள ஏ.ஆர்.டி. மையத்தில், அதாவது இந்தக் கூட்டு மருந்தைக் கொடுக்கும் மையத்தில், மாத்திரை வாங்குவதில்லை. தெரிந்தவர் யாராவது வரிசையில் பார்த்துவிடுவார்கள். நானும் பக்கத்து மாவட்டத்தில்தான் பதிந்திருக்கிறேன். சாதாரண நாளில் காவிரிப் பாலத்தைத் தாண்ட ஒரு பஸ் போதும். பாலத்தில் தடுப்பு வைத்ததும் எங்கள் மருந்து அந்தக் கரையிலும் நாங்கள் இந்தக் கரையிலும் நின்றோம்.

டப்பாவில் மாத்திரை குறையக் குறைய நெஞ்சு அடித்துக்கொண்டது. நடந்தே பாலத்துக்குப் போனேன். காவலர் ஒருவர், "எந்த ஆஸ்பத்திரிம்மா, சீட்டைக் காட்டுங்க" என்றார். அதைக் கேட்பது அவர் கடமை. என் பையில் இருந்தது ஏ.ஆர்.டி. மையத்தின் பச்சைப் புத்தகம். எனக்குப் பின்னால் எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றுகிறவர் வண்டியோடு நிற்கிறார். எப்படி எடுத்து நீட்டுவேன்? சுகர் மாத்திரை வாங்கப் போகிறேன், சீட்டு வீட்டில் இருக்கிறது என்று சொல்லித் திரும்பிவிட்டேன்.

மாத்திரை தீரும் முன்பே வந்து சேர்ந்தது. எங்கள் மையத்து ஆலோசகர் ஒவ்வொருவருக்காகப் போன் போட்டு எத்தனை மிச்சம் என்று கேட்டார். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கான பாசிட்டிவ் சங்கத்துத் தம்பி ஒருவர் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு, மொபெட்டில் ஊர் ஊராகப் போய்க் கொடுத்தார். மெடிக்கல் ஷாப் கவரில் போட்டு, நிழற்குடையில் வைத்து, "அக்கா, மூணு மாசத்துக்கு இருக்கு, பத்திரம்" என்றார். அதுவரை மாதம் ஒரு டப்பா வாங்கிப் பழகிய எனக்கு மூன்று டப்பா ஒன்றாகக் கிடைத்தது அதுதான் முதல் தடவை. கொரோனா வந்ததும் மூன்று மாத மருந்தைச் சேர்த்துக் கொடுக்கச் சொல்லி, தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நாகோ எல்லா மையங்களுக்கும் வழி சொல்லியிருந்தது. வெளியூரில் மாட்டிக்கொண்டவர்கள் அங்கே பக்கத்தில் உள்ள மையத்திலேயே வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னது. எனக்குத் தெரிந்த லாரி டிரைவர் ஒருவர் வட மாநிலத்தில் வண்டியோடு நின்றுபோய், அப்படித்தான் வாங்கிச் சாப்பிட்டார்.

வாங்கியாகிவிட்டது, சாப்பிட வேண்டுமே. லைன் வீடு, ஒரே அறை. பட்டறை ஓடாததால் மகன், மருமகள், பிள்ளைகள் எல்லாரும் நாள் முழுக்க வீட்டில். மகனுக்குத் தெரியும், மருமகளுக்குத் தெரியாது. முப்பது மாத்திரை கொண்ட பிளாஸ்டிக் டப்பா. கையில் எடுத்தாலே கலகலவென்று சத்தம் போடும். உள்ளே பஞ்சு அடைத்து, அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தேன். அந்த மாத்திரை போட்டால் தலை சுற்றும், கண்ட கண்ட கனவு வரும். அதனால் படுக்கப் போகும்போதுதான் போட வேண்டும். மருமகள் குழாயடிக்குப் போகும் நேரம் பார்த்து விழுங்குவேன். சில ராத்திரி அவள் போகவே மாட்டாள். பாயில் படுத்துக்கொண்டு, முந்தானையில் முடிந்து வைத்ததை இருட்டில் எடுத்துத் தண்ணீர் இல்லாமல் விழுங்கியிருக்கிறேன். இப்போது மாத்திரை மாறி, டோலுடெக்ராவிர் சேர்ந்தது வருகிறது. தலைசுற்றல் இல்லை.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். நூறு வேளையில் தொண்ணூற்றைந்து வேளையாவது தவறாமல் போட வேண்டும் என்று ஆலோசகர்கள் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மாதத்தில் இரண்டு வேளை விட்டாலே கணக்கு இடிக்கும். விட்டு விட்டுச் சாப்பிட்டால் கிருமி அந்த மருந்துக்கு அடங்காமல் போய்விடும். அப்புறம் இரண்டாம் வரிசை மருந்துக்குப் போக வேண்டும். தவறாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் எவ்வளவு கிருமி என்று பார்க்கும் வைரல் லோடு சோதனையில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்து, அப்படியே இருந்தால் உடலுறவு வழியாக அடுத்தவருக்குத் தொற்றாது. ஆப்பிரிக்காவில் சகாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளில் ஆறு மாதம் இந்த மருந்து தடைபட்டால் கூடுதலாக 5 லட்சம் பேருக்கு மேல் இறக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பும் 2020 மே மாதமே கணித்து எச்சரித்தன.

இரண்டாம் வரிசை மருந்து சாப்பிடும் என் தோழிக்கு இன்னொரு பயம். லோபினாவிர், ரிட்டோனாவிர் என்ற அவளுடைய மருந்தை ஜெய்ப்பூரில் கொரோனா வந்த இத்தாலிக்காரர்களுக்குக் கொடுத்த செய்தி வந்ததும், தனக்கு இனிக் கிடைக்காது என்று அழுதாள். கொரோனாவுக்கு அது பலன் தரவில்லை என்று இங்கிலாந்து ஆய்வில் அந்த ஜூன் மாதமே தெரிந்துவிட்டது. அது வரைக்கும் அவளுக்குத் தூக்கமில்லை.

தடுப்பூசியிலும் இதே கதைதான். 2021 மார்ச்சில் 45 முதல் 59 வயதுக்காரர்களில் இணை நோய் உள்ளவர்களுக்கு முதலில் என்றார்கள். பட்டியலில் எச்.ஐ.வி.யும் இருந்தது, நல்ல விஷயம். ஆனால் டாக்டரிடம் சான்று வாங்கி முகாமில் கொடுக்க வேண்டும். உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில், தெரிந்த முகங்கள் உட்கார்ந்திருக்கும் மேசையில் அந்தத் தாளை என்னால் வைக்க முடியவில்லை. 45 தாண்டிய எல்லாருக்கும் என்று ஏப்ரல் 1-ல் திறந்த பிறகுதான் போட்டுக்கொண்டேன். தன் நிலையை வெளியே சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2017-ல் போட்ட எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. பாலத்துத் தடுப்பிலும் முகாம் மேசையிலும் அந்தச் சட்டத்தை யாரும் நினைக்கவில்லை.

இப்போது சொல்ல வந்ததற்கு வருகிறேன். கொரோனா போனதும் எங்கள் மையத்தில் மூன்று மாத மாத்திரையும் போய்விட்டது. ஸ்டாக் வந்தால் இரண்டு டப்பா, இல்லையென்றால் ஒன்று. 2022-ல் டெல்லியில் நாகோ அலுவலகத்தின் முன்னால் எங்களைப் போன்றவர்கள் மருந்து தட்டுப்பாடு என்று ஒரு மாதத்துக்கும் மேல் உட்கார்ந்து போராடினார்கள். எனக்கு மாதா மாதம் ஒரு ஷிஃப்ட் கூலி போகிறது. மேஸ்திரியிடம் மாதா மாதம் ஒரு பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. மூன்று டப்பாவை ஒளித்து வைப்பது கஷ்டம்தான். ஆனாலும் எனக்கு மூன்றுதான் வேண்டும்.

கொள்ளை நோய் இனி எப்போதோ வரப்போவதற்காக மட்டும் இதைக் கேட்கவில்லை. 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கின; காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியது. ரோடும் ரயிலும் அறுந்துபோன அந்த நாட்களில், டப்பாவில் நாலு மாத்திரை மட்டும் வைத்திருந்தவர் என்ன செய்திருப்பார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வைரல் லோடு கட்டுக்குள் இருப்பவர்களுக்கு எல்லா மையங்களிலும் மூன்று மாத மருந்து கிடைக்க, சென்னையில் உள்ள மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கமும் சுகாதாரத் துறையும் முன்கூட்டியே இருப்பு வைக்க வேண்டும். ஊரடங்கோ வெள்ளமோ வந்தால் தடுப்பில் காட்டுவதற்கு, நோயின் பெயரும் மையத்தின் பெயரும் இல்லாமல் "தொடர் சிகிச்சையில் உள்ளவர்" என்று மட்டும் போட்ட ஒரு சீட்டை இப்போதே அச்சடித்து எங்கள் கையில் கொடுக்க வேண்டும்.

என் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நாமக்கல் மாவட்டம்.